அறுபத்துநான்காம் கட்டம்

பங்குனி பிறக்கும் தறுவாயில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லங்களிலும் விடுதிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடியிருப்போர் ஒரு பட்டியலுக்காகக் காத்திருப்பார்கள். கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் எந்தக் கல்லூரியை எந்தக் கல்லூரி எதிர்த்து ஆடும் என்பதைத் தெரிவிக்கும் பட்டியல் அது. காகிதத்தின் இருபுறமும் வரிசையாக நிற்கும் பெயர்கள் இரண்டிரண்டாகக் கோடுகளால் பிணைக்கப்பட்டு, சிற்றோடைகள் கூடிக்கூடி ஓர் ஆறாவதுபோல் உள்நோக்கி ஒடுங்கி, நடுவில் ஒரே ஒரு பெயருக்கென்று விடப்பட்ட வெற்றிடத்தில் சென்று முடியும். கோடுகளின் வடிவத்தால் அதற்குப் பிராக்கெட் என்று பெயர்; சுவரில் பலகையைத் தாங்கும் இரும்பை நம் தச்சர்களும் அவ்வாறே அழைப்பதால், அச்சொல் நமக்கும் அந்நியமன்று. அந்த ஞாயிறுக்கும் ஆட்டங்கள் மும்முரமாகத் தொடங்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சில நாட்களில், நீதிபதி முதல் கடைச் சிப்பந்தி வரை பலதரப்பட்ட மக்களும் அக்கோடுகளின் மேல் தத்தம் ஆருடத்தை எழுதி முடித்துவிடுவார்கள். எழுதியவை அநேகமாகப் பொய்த்துப் போகும் என்பதையும் அவர்கள் நன்கு அறிவார்கள். அறிந்திருந்தும் ஆண்டு தவறாமல் எழுதும் இவ்வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, எதனால் நிலைபெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த விளையாட்டு பிறந்தது 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், கடுங்குளிரில் வெளியே ஆட இயலாமல் கூடத்துக்குள் அடைபட்டுச் சலிப்புற்றிருந்த மாணவர்களின் பொருட்டு, பத்தடி உயரத்தில் பீச் பழக் கூடைகள் இரண்டை ஆணியடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளை வகுத்துக் கொடுத்தார். அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் வாலிபர் சங்க உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். ஆகையால் நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் நிற்கும் கூடைக் கம்பங்களும் அந்த ஸ்பிரிங்ஃபீல்டுக் கூடத்தோடு உறவு கொண்டாடத் தக்கவையே.

நெய்ஸ்மித் தம் வாழ்நாளின் இறுதி ஆண்டில், தாம் வகுத்த ஆட்டத்துக்கு ஒரு தேசியப் போட்டி ஏற்பட்டதையும் கண்டார். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஹரால்டு ஓல்சன் முதலியோரின் முயற்சியால் 1939-இல் எட்டுக் கல்லூரிகளோடு அப்போட்டி தொடங்கிற்று. மார்ச் 27-ஆம் தேதி இல்லினாய் மாநிலத்து எவன்ஸ்டன் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில், நெடிய வீரர்களைக் கொண்டிருந்தமையால் 'உயர்ந்த தேவதாருக்கள்' என்று பெயர் பெற்ற ஓரிகன் பல்கலைக்கழகத்தார், ஓல்சனுடைய ஓஹையோ அணியை 46-க்கு 33 என்ற கணக்கில் வென்றனர். அந்த முதல் போட்டியை நடத்திய பயிற்சியாளர் சங்கத்துக்குக் கிடைத்தது 2,531 டாலர் நஷ்டமே. பின்னாளில் ஒரு தேசமே ஆருடம் பார்க்கப்போகும் போட்டி, அன்று செலவுக்குக் கட்டாத ஒரு சிறு காரியமாகவே இருந்தது.

அதே 1939-இல், அதே இல்லினாய் மாநிலத்தில், உயர்நிலைப் பள்ளிகளின் கூடைப்பந்துப் பந்தயங்களைப் பற்றி ஹென்றி போர்ட்டர் என்னும் அதிகாரி எழுதிய கட்டுரையொன்றில் 'மார்ச் மாதப் பித்து' என்னும் பொருள்படும் சொற்றொடர் இடம்பெற்றது. பள்ளிச் சிறுவர்களின் ஆட்டத்துக்குச் சூட்டப்பட்ட அப்பெயர், 1980-களில் தொலைக்காட்சி வர்ணனையாளர்களின் வாய்வழியே கல்லூரிப் போட்டிக்கு உரித்தாயிற்று. நம் மொழியில் பித்து என்பது நோய்க்கும் பெயர், பக்தியின் முதிர்ச்சிக்கும் பெயர். அந்த இரு பொருளும் அந்த மார்ச் மாதத்துக்கு ஏற்றவையே.

ஆருட வழக்கம் உடனே பிறந்துவிடவில்லை. அதற்கு முன் ஒரு களங்கம் நேர்ந்தது. 1950-இல் நியூயார்க் நகரக் கல்லூரி, அக்காலத்து இரண்டு பெரும் போட்டிகளிலும் ஒருசேர வென்று வியப்பை விளைவித்தது. மறு ஆண்டே, அக்கல்லூரியின் வீரர்களும் வேறு பல கல்லூரிகளின் வீரர்களும் சூதாடிகளிடம் பணம் பெற்றுக்கொண்டு புள்ளி வித்தியாசத்தை வேண்டுமென்றே குறைத்த விவகாரம் அம்பலமாயிற்று. வெற்றியின் அளவின்மேல் பந்தயம் கட்டும் வழக்கம் இருந்ததால், 'வெல்லுங்கள், ஆனால் சொற்பமாக வெல்லுங்கள்' என்று ஏழை மாணவனைக் கெடுப்பது சூதாடிகளுக்கு எளிதாயிற்று. பிற்காலத்தில் தோன்றிய ஆருடக் காகிதமோ இன்னார் வெல்வார் என்பதைத் தவிர வேறெதனையும் கேட்பதில்லை. இரண்டுக்கும் உள்ள குணபேதத்தை இங்கேயே மனத்தில் கொள்வது நலம்.

களங்கம் மறைந்த பின்னும் ஊகத்துக்கு வேலையில்லாத ஒரு காலம் இருந்தது. ஜான் வுடன் என்னும் மகா பயிற்சியாளரின் கீழ் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை வாகை சூடிற்று. அவற்றுள் ஏழு, 1967 முதல் 1973 வரை இடையறாது தொடர்ந்தவை. வெல்பவர் இன்னார் என்று குழந்தையும் அறிந்திருக்கும்போது குறி சொல்பவனுக்கு மதிப்பேது? 1975-இல் வுடன் பத்தாம் முறை வென்று ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே போட்டியில் இடம்பெறும் அணிகளின் எண்ணிக்கையும் முப்பத்திரண்டாக உயர்ந்தது. சக்கரவர்த்தி விலகினார், வாயிலும் அகலத் திறந்தது. நிச்சயம் போன இடத்தில் ஊகம் குடிபுகுந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1977-இல், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஜோடீஸ் கிளப் ஃபாரஸ்ட் என்னும் மதுக்கடையின் வாடிக்கையாளர்கள் எண்பத்தெட்டுப் பேர் தலைக்குப் பத்து டாலர் வைத்து, கடைசி நால்வராக நிற்கப்போகும் கல்லூரிகளையும் முடிவில் வெல்லப்போகும் கல்லூரியையும் எழுதிக் கொடுத்தார்கள். சரியாகச் சொல்பவருக்கே மொத்தத் தொகையும் உரியது என்பது ஏற்பாடு. இதுவே இவ்வழக்கத்தின் பிறப்பிடம் என்பர் ஒரு சாரார். அக்காலத்திலேயே கெண்டக்கி மாநிலத்து அஞ்சல் ஊழியர் ஒருவர் கோடு கிழித்து முழு அட்டவணையையும் நிரப்பச் செய்தார் என்று வாதிடுவர் மற்றொரு சாரார். மாலை நேரத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்கள் கூடுமிடத்தில் இது முளைத்தது என்பதில் மட்டும் இரு சாராருக்கும் பேதமில்லை.

முளைத்தது தழைக்க மூன்று காரியங்கள் துணை செய்தன. 1979-இல் மாஜிக் ஜான்சனின் மிச்சிகன் மாநில அணியும் லாரி பேர்டின் இந்தியானா மாநில அணியும் மோதிய இறுதி ஆட்டத்தை நாடே தொலைக்காட்சியில் கண்டது. அவ்வாண்டு முதல் அணிகள் அனைத்துக்கும் தகுதி வரிசைப்படி எண்கள் இடப்பட்டன. 1982-இல் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பே ஒரு நேரடி நிகழ்ச்சியாயிற்று. பின்னர் 1985-இல் அணிகள் அறுபத்துநான்காயின. நான்கு மண்டலங்கள், மண்டலத்துக்குப் பதினாறு அணிகள், முதல் எண்ணுக்குப் பதினாறாம் எண் எதிரி, எட்டாம் எண்ணுக்கு ஒன்பதாம் எண் எதிரி, வாகை சூட ஆறு வெற்றிகள் என்று கோலம் போட்டாற்போல் குறையற்ற ஒழுங்கு அதற்கு வாய்த்தது. செய்தித்தாள்கள் அக்கோலத்தை அச்சிட்டன. அலுவலகத்து நகல் இயந்திரங்கள் அதைப் பல்லாயிரமாகப் பெருக்கின. அந்த முதலாண்டிலேயே எட்டாம் எண் பெற்ற வில்லனோவா, இறுதி ஆட்டத்தில் இருபத்தெட்டு எறிகளில் இருபத்திரண்டைக் கூடையில் இட்டு, பேராற்றல் வாய்ந்த ஜார்ஜ்டவுனை 66-க்கு 64 என்று வென்றது. ஒழுங்கு பிறந்த ஆண்டிலேயே அதை மீறும் அற்புதமும் பிறந்தது.

அன்று முதல் ஆருடக்காரர்களிடையே ஒரு சாஸ்திரமும் வளர்ந்தது. ஐந்தாம் எண்ணுக்கும் பன்னிரண்டாம் எண்ணுக்கும் நடக்கும் ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைச் சிறியவரே வெல்வதால், அங்கே துணிந்து சிறியவரைக் குறிக்க வேண்டும் என்பது ஒரு சூத்திரம். முதல் எண் பெற்ற நால்வரையும் கடைசி நால்வராகக் குறிப்பது கோழைத்தனம் என்பது மற்றொன்று. 1979 முதல் இன்றுவரை 2008, 2025 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அவ்வாறு நேர்ந்திருப்பது அதற்குச் சான்று. ஆயினும் புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்தவரை, சீருடையின் வண்ணம் கண்களுக்கு இதமாக இருந்தது என்பதற்காக ஓர் அணியைக் குறித்த ஒருவர் முந்திவிடுவது ஒவ்வோர் அலுவலகத்திலும் நடப்பதே. நிபுணரும் பாமரரும் ஒரே பலகையில் சமமாக அமரக்கூடிய இடங்கள் உலகில் சொற்பம். அவற்றுள் இக்காகிதமும் ஒன்று.

இந்தச் சமத்துவத்துக்குக் காரணம் ஓர் எண். அறுபத்துநான்கு அணிகளில் ஒன்று எஞ்ச வேண்டுமாயின் அறுபத்துமூன்று ஆட்டங்கள் நடந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவுகள். கேரள நாட்டு அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசத்தைப் பற்றி வழங்கும் ஐதிகத்தை நம்மில் பலர் கேட்டிருப்போம். முனிவர் வேடத்தில் வந்த கண்ணபிரான் அரசனைச் சதுரங்கத்தில் வென்று, முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கணக்கில் பரிசு கேட்க, அரசனுடைய களஞ்சியமெல்லாம் வற்றிப் போயிற்றாம். அந்தப் பலகையின் அறுபத்துநான்காம் கட்டம் ஒன்றில் மட்டும் எத்தனை அரிசி இருக்க வேண்டுமோ, சரியாக அத்தனை விதமாக அந்தக் காகிதத்தை நிரப்பலாம்! 92,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட, பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட எண் அது. அத்தனை மணிகளுள் ஒரே ஒரு மணி மெய். அதைத்தான் ஒவ்வொருவரும் மார்ச் மாதத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு பொறுக்கப் பார்க்கிறார்கள். 2014-இல் பெருஞ்செல்வர் வாரன் பஃபெட்டின் பொறுப்பில் பிழையற்ற காகிதத்துக்கு நூறு கோடி டாலர் பரிசு அறிவிக்கப்பட்டும் பெறுவாரில்லை. 2019-இல் ஓஹையோவைச் சேர்ந்த ஒருவர் முதல் நாற்பத்தொன்பது ஆட்டங்களையும் பிழையின்றிச் சொல்லி, ஐம்பதாவதில் தவறினார். அதுவே நிரூபணமான எல்லை.

கணக்கு எவ்வளவு இரக்கமற்றது என்பதை ஓர் இரவு காட்டிற்று. 1985 முதல் முதலாம் எண்ணும் பதினாறாம் எண்ணும் மோதிய நூற்று முப்பத்தைந்து ஆண்கள் ஆட்டங்களிலும் முதலாம் எண்ணே வென்றிருந்தமையால், அந்தக் கோட்டை மட்டும் எவரும் யோசிக்காமல் நிரப்புவது மரபாயிற்று. 2018 மார்ச் 16-ஆம் தேதி, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கௌண்டி அணி, அவ்வாண்டு தலைசிறந்ததாக மதிக்கப்பட்ட வர்ஜீனியாவோடு இடைவேளை வரை 21-க்கு 21 என்று சமநிலையில் நின்று, முடிவில் 74-க்கு 54 என்று சாய்த்தது. அசாத்தியம் நிகழ்ந்தது என்றார்கள். ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1998-இல், பதினாறாம் எண் பெற்ற ஹார்வர்டு மகளிர் ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கிலேயே வீழ்த்தியிருந்தார்கள். மகளிர் ஆட்டத்தின்பால் நாட்டின் கவனம் குன்றியிருந்தமையால் அந்தப் பாடம் பலர் செவிக்கு எட்டவில்லை. தலைகுனிந்து வீடு சென்ற வர்ஜீனியா மறு ஆண்டே வாகை சூடியது. அதையும் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்?

ஸ்டேட்டன் தீவின் கதைக்கு மீண்டும் வருவோம். எண்பத்தெட்டுப் பேரோடு தொடங்கிய அந்தச் சிறு ஏற்பாடு, ஊர் ஊராகப் புகழ் பரவி, 2006-இல் ஒன்றரை லட்சம் காகிதங்களையும் பதினாறு லட்சம் டாலர் தொகையையும் எட்டிற்று. வரி அதிகாரிகளின் பார்வை அதன்மேல் விழுந்தது. அவ்வாண்டோடு அது நின்றது. சட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த மரம் தன் பாரத்தாலேயே முறிந்தது என்பதே என் துணிபு. எண்பத்தெட்டுப் பேரில் எவர் தோற்றாலும் மறுநாள் மாலை அதே பலகையருகே வந்து, 'நானும் அந்தக் கல்லூரியைத்தான் நம்பினேன்' என்று சொல்லத் தோழன் ஒருவன் இருந்தான். ஒன்றரை லட்சம் பேரில் தோற்றவனுக்குத் தோழன் ஏது? இவ்வழக்கம் மனிதர்க்கு அளித்த பரிசு பணமன்று, கூடித் தவறுகின்ற உறவே. உறவு கரைந்து தொகை மட்டும் பெருகியபோது, எஞ்சியது வெறும் சூது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி, கொள்ளை நோயின் காரணமாக அவ்வாண்டுப் போட்டி கைவிடப்பட்டது. 1939-க்குப் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் முறை. அறிவிப்பு ஞாயிறுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. ஆகையால் அந்த வசந்தத்தில் கோடுகளின்மேல் ஒரு கல்லூரியின் பெயர்கூட எழுதப்படவில்லை. உலகப் போரும் நிறுத்தாத ஆட்டம் நின்றது. அவ்வாண்டு எவருடைய ஆருடமும் பொய்க்கவில்லை. அதைவிட வறண்ட மார்ச் மாதத்தை அந்நாட்டார் அறிந்ததில்லை.

மறு ஆண்டு இந்தியானா மாநிலம் ஒன்றிலேயே எல்லா ஆட்டங்களும் நடந்தன. அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோலாமல் இறுதிவரை வந்த கொன்சாகாவின் பெயரை நடுக்கட்டத்தில் எழுதியவர்கள் ஏராளம். பெய்லர் அவர்களை 86-க்கு 70 என்று வென்றது. காகிதங்கள் கிழிந்தன, பக்கத்து மேசைக்காரரும் அதே பெயரைத்தான் எழுதியிருந்தார்.