சவேரியாரும் ஹவியேரும்

ஸ்பெயினில் இன்று ‘ஹவியேர்’ என்று தொண்டையை உரசி அழைக்கும் பெயர், முதலில் ஆளின் பெயரே அல்ல. நவார்ராவில் உள்ள ஒரு கோட்டையின் பெயர் அது. பிரான்சிஸ் சவேரியார் 1506இல் பிறந்தது அங்கேதான். பாஸ்க் மொழியில் ‘எச்சே பெர்ரி’ என்றால் புதுவீடு. அது தேய்ந்து ஊர்ப்பெயராகி, புனிதரின் புகழால் பிள்ளைகளுக்கும் பெயரானது.

அவர் காலத்து ஸ்பானியர் அதன் முதல் எழுத்தை ‘ஷ’ என்றே ஒலித்தார்கள்; போர்த்துக்கீசியரும் அப்படித்தான். 1542இல் அவர் இந்தியா வந்து முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றினார். தமிழ் வழங்கும் ‘சவேரியார்’, இன்றைய ஸ்பானிய உச்சரிப்பைவிட அந்தப் பழைய ஒலிக்கு நெருக்கமானது.

பிறகு ஸ்பானிய ‘ஷ’ மெல்லத் தொண்டைக்குள் இறங்கியது. ஷிமெனெஸ் என்ற பெயர் ஹிமெனெஸ் ஆனது. X என்ற எழுத்துதான் பிடிவாதம் பிடித்தது. 1815இல்தான் ஸ்பானிய அகாதமி அதை J ஆக மாற்றியது.