5 ஏக்கர் தோட்டத்துக்கு மினி டிராக்டர் தேவையா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தாத்தா காலத்தில் வாங்கிய 5 ஏக்கர் செம்பனைத் தோட்டம். அப்பாவுக்கு முழங்கால் வலி. நீங்களோ கோலாலம்பூரில் வேலை பார்க்கிறீர்கள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போனால் புல்லும் கொடியும் இடுப்பளவு நிற்கிறது. வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சொன்ன நாளில் வருவதில்லை. அப்போது குடும்பத்தில் யாராவது ஒரு மாமா கண்டிப்பாகச் சொல்வார்: "ஒரு மினி டிராக்டர் வாங்கிப் போட்டுடுலா, எல்லாம் முடிஞ்சிடும்."

எல்லாம் முடியுமா? சில தோட்டங்களுக்கு முடியும். பல தோட்டங்களுக்கு, மாதத் தவணை மட்டும் மிச்சமாகி, டிராக்டர் கொட்டகையில் துருப்பிடிக்கும். முன்பணம் கட்டும் முன் நீங்கள் பார்க்க வேண்டிய விஷயங்கள் இவை.

5 ஏக்கரில் உண்மையில் எவ்வளவு வேலை?

5 ஏக்கர் என்பது ஏறக்குறைய 2 ஹெக்டர். ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 செம்பனை மரங்கள் நடுவது வழக்கம். ஆக, உங்களிடம் இருப்பது 300 மரத்துக்கும் குறைவு.

பழத்தைக் கணக்கிடுவோம். ஆண்டுக்கு ஹெக்டருக்கு 16 டன் குலை என்று வைத்துக்கொண்டால், 2 ஹெக்டரில் 32 டன். மாதம் இரண்டு முறை அறுவடை என்றால், ஒரு முறைக்கு 1.3 டன் போல வரும். ஒரு குலை 20 கிலோ என்றால் 65 முதல் 70 குலைகள். அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 70 குலைகளை மரத்தடியிலிருந்து லோரி நிற்கும் இடத்துக்குக் கொண்டு வர வேண்டும். கை வண்டியில் தள்ளினால் முதுகு வலிக்கும். ஆனால் அதற்கு டிராக்டரும் டிரெய்லரும் தேவையா என்பது வேறு கேள்வி.

அடுத்தது புல். 5 ஏக்கரையும் மொட்டையடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. மரத்தைச் சுற்றி 2 மீட்டர் வட்டம் சுத்தமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உதிர்ந்த பழத்தைப் பொறுக்க முடியும், உரமும் வேருக்குப் போகும். அறுவடைக்கு நடக்கும் பாதையும் திறந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தால் மொத்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இடத்தில் தாழ்வான, மென்மையான செடிகள் இருப்பது நல்லது. மழையில் மண் அரிக்காமல் அவை பிடித்து வைக்கும். லாலான், மரக்கன்று, முள்செடி போன்றவற்றை மட்டும் அகற்றினால் போதும்.

முன்பு பலரும் இந்த வேலைக்குப் பாராகுவாட் மருந்தை அடித்து முடித்துவிடுவார்கள். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை. வெட்டும் மெஷின் பக்கம் கவனம் திரும்ப இதுவும் ஒரு காரணம்.

எந்த வேலைக்கு எந்த மெஷின்?

மெஷினைப் பார்த்துவிட்டு வேலையைத் தேடாதீர்கள். வேலையை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

*முதுகில் மாட்டும் புல் வெட்டும் மெஷின்:* மர வட்டம், பாரிட் ஓரம், வேலி ஓரம் எல்லாவற்றுக்கும் இதுதான். டிராக்டர் வாங்கினாலும் இது தேவைப்படும், ஏனென்றால் டிராக்டரால் மரத்தை ஒட்டி வெட்ட முடியாது.

*மோட்டார் பொருத்திய தள்ளுவண்டி:* தோட்டக்காரர்கள் 'பாடாங்' என்று சொல்லும் மூன்று சக்கர வண்டி. குலை, உர மூட்டை, மட்டை எல்லாம் ஏற்றலாம். குறுகிய பாதையிலும் போகும். 5 ஏக்கர் தோட்டத்தில் உடம்பு வலியைப் பெரும்பாலும் குறைப்பது இந்த வண்டிதான்.

*மினி டிராக்டர்:* 20 முதல் 50 குதிரைத்திறன் வரை இருக்கும். இதன் பலமே பின்பக்கம் சுழலும் பிடிஓ தண்டுதான். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பொதுவான வேகம். அதில் புல் வெட்டும் ஸ்லாஷர், உரம் தூவும் கருவி, மருந்து பம்ப் என்று மாற்றி மாற்றிப் பூட்டலாம். ஸ்லாஷரின் அகலம் ஓர் அடிக்கு 5 குதிரைத்திறன் என்பது தோராயக் கணக்கு. 4 அடி ஸ்லாஷருக்கு 20 குதிரைத்திறன் பிடிஓவில் கிடைக்க வேண்டும். பிடிஓவுக்கு வரும் சக்தி எஞ்சின் சக்தியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எனவே விளம்பரத்தில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள்.

*மினி எக்ஸ்கவேட்டர்:* பாரிட் தோண்ட, பழைய மரத்தைச் சாய்க்க, பாதை போட அருமையான மெஷின். ஆனால் இந்த வேலை வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். இதை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே பெரும்பாலும் லாபம்.

வாங்குவதா, கூலிக்கு விடுவதா?

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் ஓர் ஏக்கர் வெட்ட 80 ரிங்கிட் கேட்கிறார். வருஷத்துக்கு 4 முறை வெட்டினால் ஏக்கருக்கு 320 ரிங்கிட். 5 ஏக்கருக்கு 1,600 ரிங்கிட்.

இப்போது சொந்த டிராக்டர். விலை 30,000 ரிங்கிட். முழுத் தொகையும் கடன், 5 ஆண்டு, 5 விழுக்காடு நிலையான வட்டி. வட்டி மட்டும் 7,500 ரிங்கிட், மொத்தம் 37,500. பத்து வருஷம் ஓட்டிவிட்டு 12,500 ரிங்கிட்டுக்கு விற்றால், வருஷத்துக்கு 2,500 ரிங்கிட் செலவு. டீசல், எண்ணெய், கத்தி, டயர் என்று இன்னொரு 1,500 ரிங்கிட் வைத்தால் மொத்தம் 4,000 ரிங்கிட்.

4,000-ஐ 320-ஆல் வகுத்தால் 12.5. அதாவது 12 அல்லது 13 ஏக்கர் இருந்தால்தான் இந்தக் கணக்கில் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகும். 5 ஏக்கர்காரர் வருஷத்துக்கு 2,400 ரிங்கிட் கூடுதலாகச் செலவழிக்கிறார். ஓட்டுபவரின் நேரத்தை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

இந்த எண்கள் உதாரணம்தான். உங்கள் ஊர் கூலி, உங்கள் மெஷின் விலை இரண்டையும் போட்டு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கும் கூலிக்கு ஓட்டுவதாக இருந்தால் கணக்கு மாறும். சித்தப்பா, பெரியப்பா நிலம் பக்கத்திலேயே இருந்து, மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கினாலும் மாறும். அப்படி வாங்கினால் யார் பெயரில் மெஷின், யார் பழுது பார்ப்பது, யாருக்கு எந்த வாரம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரங்கதானே என்று விட்டால் பிறகு மனக்கசப்புதான் மிஞ்சும்.

'5 விழுக்காடு' உண்மையில் 5 விழுக்காடா?

இல்லை. நிலையான வட்டியில், நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 30,000 ரிங்கிட்டுக்கே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மேலே உள்ள உதாரணத்தில் மாதத் தவணை 625 ரிங்கிட். குறைந்துவரும் பாக்கியை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 9 விழுக்காடு. கடன் கொடுப்பவரிடம் "எஃபெக்டிவ் ரேட் எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். அக்ரோபேங்க் போன்ற விவசாய வங்கியிலும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எரிபொருளையும் மறக்க வேண்டாம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டானது. சிறுதோட்டக்காரர்களுக்காக புடி மடானி திட்டத்தில் ரொக்க உதவியும் அப்போது அறிவிக்கப்பட்டது. அப்பா தகுதி பெறுகிறாரா என்று சரிபாருங்கள்.

ரிகோன் மெஷின் பார்க்கப் போகிறீர்களா?

ஜப்பானிலிருந்து வரும் பழைய மினி டிராக்டர்கள் விலையில் கவர்ச்சியாக இருக்கும். நல்லவையும் உண்டு. பார்க்கும்போது இதைச் செய்யுங்கள்:

- எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.
- புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் வேறு கோளாறு இருக்கலாம்.
- பின்பக்கத் தூக்கியில் பாரத்தை ஏற்றி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். வேகமாக இறங்கினால் ஹைட்ராலிக் கசிகிறது.
- மணி மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதை மாற்ற முடியும். மிதி, இருக்கை, ஸ்டீயரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.
- மாடல் எண்ணைப் படம் எடுத்து, ஊரில் உள்ள உதிரிப்பாகக் கடையில் காட்டுங்கள். ஃபில்டரும் பெல்ட்டும் கிடைக்காத மாடல் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.
- சுங்கத்துறையின் கே1 பாரம் உட்பட இறக்குமதிப் பத்திரங்களைக் கேளுங்கள்.

மெஷினைப் பார்க்கும் முன் தோட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். கேட் அகலம் என்ன? பாரிட் மேல் இருக்கும் பாலம் ஒரு டன்னுக்கு மேல் தாங்குமா? பாகான் டத்தோ பக்கம் போல ஈரமான, மென்மையான மண்ணில் கனமான டிராக்டர் புதைந்துவிடும்.

சாலையில் ஓட்டலாமா?

தோட்டத்துக்குள் ஓட்டுவது வேறு, பொதுச் சாலை வேறு. இரண்டு தோட்டத்துக்கு நடுவில் ஒரு கிலோமீட்டர் தார் சாலை இருந்தாலும், அதில் ஓட்ட மெஷின் ஜேபிஜேயில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சாலை வரியும் காப்புறுதியும் வேண்டும். சக்கரம் உள்ள இலகு ரக இயந்திரத்துக்கு ஓட்டுநர் உரிமத்தில் எஃப் வகுப்பு தேவை. கார் உரிமம் போதாது. பதிவு இல்லாத மெஷினை வாங்கினால், ஒவ்வொரு முறையும் லோரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

விலை பேசும்போது விட்டுக்கொடுக்கக் கூடாதவை

டிராக்டர் கவிழ்ந்து அடியில் சிக்குவது உயிரைப் பறிக்கும் விபத்து. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு, அதாவது ரோப்ஸ், அதற்காகத்தான் இருக்கிறது. வளைவு நிமிர்ந்திருந்து பெல்ட்டும் போட்டிருந்தால்தான் பயன். மரக்கிளை தட்டுகிறது என்று அதை அறுத்து எடுத்த மெஷின் விற்பனைக்கு வந்தால் வாங்காதீர்கள். மேட்டில் குறுக்கே ஓட்டாமல், மேலும் கீழுமாக ஓட்டுங்கள்.

இரண்டாவது, பிடிஓ தண்டின் மேல் மூடி. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. சட்டை நுனியோ கைலியோ மாட்டினால் கையை இழுக்க நேரம் இருக்காது. மூடி உடைந்திருந்தால் மாற்றிய பிறகே ஓட்டுங்கள். இதை அப்பாவிடம் சொல்லும்போது "முப்பது வருஷமா இப்படித்தான் ஓட்டுறோம்" என்பார். பரவாயில்லை, மறுபடியும் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்கலாம்?

செம்பனை என்றால் எம்பிஓபி வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை தருகிறார்கள். கேபிஎஸ்எம் எனப்படும் சிறுதோட்டக்காரர் கூட்டுறவுச் சங்கம் உங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா என்றும் அவர்களிடம் கேளுங்கள். கித்தா தோட்டம் என்றால் ரிஸ்டா அலுவலகம். கடைக்காரரிடம் போகும் முன் இவர்களிடம் போவது நல்லது.

சுருக்கமாக

5 ஏக்கருக்கு, ஒரு நல்ல புல் வெட்டும் மெஷினும் மோட்டார் தள்ளுவண்டியும் வாங்கி, பெரிய வேலையைக் கூலிக்கு விடுவது பல குடும்பங்களுக்குப் போதும். 12 ஏக்கரைத் தாண்டினால், அல்லது சேர்ந்து வாங்க ஆள் இருந்தால், டிராக்டரைப் பற்றி யோசிக்கலாம். எப்படியானாலும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவோடு தோட்டத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் மண் புதையும், எந்தப் பாலம் ஆடும், எந்த வேலைதான் அவருக்கு இப்போது முடியவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தப் பதிலை வைத்து மெஷினைத் தேர்ந்தெடுங்கள்.