முற்றத்து மணலும் புற்றரையும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேலைக் கரையிலே உள்ள சிற்றூர் ஆலங்குடா. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் கடல்நீரேரி, இரண்டுக்கும் நடுவே கிடப்பது மணல். அந்த மணலிலே கிணறு தோண்டி, வெங்காயமும் மிளகாயும் விளைவித்து, தென்னை வளர்த்து வாழ்ந்த உழைப்பாளரின் வரலாறு நீண்டது. நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள் அதனினும் மிகச் சிறியதாகத் தோன்றும். வீட்டின் முன்னே அழகுக்காகப் பரப்பப்படும் புல்லைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆலங்குடாக் கரையிலே உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் எழலாயின. விடுதியைத் தொடர்ந்து வந்தது விடுதியைப் போன்ற வீடு கட்டும் ஆசை. அந்த ஆசையோடு பச்சைக் கம்பளம் போன்ற புற்றரையும் வேண்டப்படுகிறது. இதிலே குற்றம் என்ன என்று வாசகர் வினவலாம். பசுமையை விரும்புவது குற்றமன்று. ஆனால் ஒரு துண்டுப் புற்றரைக்குப் பின்னே நிலத்தின் வரலாறும், நீரின் வரலாறும், மனித உழைப்பின் வரலாறும் மறைந்து கிடக்கின்றன. அவற்றை அறியாமல் புல்லைத் தேர்ந்தெடுப்பவர், தாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை அறியாதவரே ஆவர்.

முதலில் நமது முற்றத்தை நோக்குவோம். இந்நாட்டின் வடக்கிலும் வடமேற்குக் கரையிலும், சமயம் எதுவாயினும், வீட்டுக்கு அழகு தந்தது புல்லில்லாத முற்றமே. வெண்மணலைக் கடகத்தில் சுமந்து வந்து பரப்புவார்கள். விடியலிலே ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி, மணலிலே வரிகள் தெரிய விட்டுவிடுவார்கள். கூட்டிய முற்றத்திலே பாம்பும் தேளும் ஒளிய இடமில்லை. நெல்லும் மிளகாயும் உலர்த்தலாம். கலியாணப் பந்தலும் போடலாம். இரவிலே பாய் விரித்து உறங்கலாம். புல்லுக்குரிய இடம் வேலிக்கு வெளியே. புல்லுக்குரிய பயன் மாட்டுக்குத் தீனி. ஏழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த அப்பர் பெருமான் கையில் ஏந்திய உழவாரம், கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதற்கான கருவி. அதே பெயருடைய கருவியால் யாழ்ப்பாணத்து ஏழைப் பெண்கள் மாட்டுக்குப் புல் செதுக்கினார்கள். முற்றத்திலே புல் முளைத்துவிட்டது என்றால், அந்த வீட்டில் ஆள் இல்லை, விளக்கேற்றுவார் இல்லை என்பதே நம்மவர் பொருள்.

அப்படியாயின், வீட்டு வாசலிலே புல் வளர்ப்பதைப் பெருமையாகக் கருதும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அது ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனைப் பூங்காவை அமைத்த அந்திரே லெ நோத்திர், அங்கே நீண்டதொரு பச்சைப் புல்விரிப்பையும் அமைத்தான். 18ஆம் நூற்றாண்டிலே ஆங்கிலப் பிரபுக்களின் பண்ணைகளில் லான்சலொட் பிரவுன் என்னும் தோட்டக் கலைஞன், மாளிகையின் படிக்கட்டு வரை புல்வெளியைக் கொண்டுவந்து சேர்த்தான். உழவர்கள் பொதுவாக மேய்ச்சலுக்குப் பயன்படுத்திய நிலங்கள் சட்டத்தின் பெயரால் வேலியிடப்பட்டு, தனியார் உடைமையாகிக்கொண்டிருந்த காலமும் அதுவே. விளைச்சல் தரவேண்டிய அவசியமில்லாத நிலம் தன்னிடம் உண்டு என்று பிறருக்கு உணர்த்துவதே அந்தப் புல்வெளியின் உட்பொருள். அதை மட்டமாக வைத்திருக்க அரிவாள் ஏந்திய கூலியாட்கள் பலர் வேண்டியிருந்தது. ஆகவே புல்வெளியின் பரப்பைக் கண்டே, ஒருவனுக்கு எத்தனை பேரை ஏவும் வலிமை உண்டு என்று கணக்கிடலாம்.

1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஆலையிலே கம்பளித் துணியின் மேல் எழுந்து நிற்கும் நுண்ணிழைகளைச் சீவும் பொறியே அவருக்கு வழிகாட்டியது. அதன் பின்னர் பிரபுவின் ஆடம்பரம் நடுத்தர வர்க்கத்தின் கைக்கும் எட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களிலே அது வீட்டுக்கு வீடு கட்டாயக் கடமைபோல் ஆயிற்று. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் புற்றரைகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1,60,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையன என்று மதிப்பிட்டது. நமது இலங்கைத் தீவின் முழுப் பரப்பே சுமார் 65,600 சதுரக் கிலோமீட்டர்தான். இரண்டு இலங்கைகளுக்கும் மேலான நிலத்தில், உண்ணவும் உடுக்கவும் உதவாத ஒரு பயிர்!

இத்தீவுக்குப் புற்றரை வெள்ளைத்துரைமாரோடு வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலே துரையின் பங்களா குன்றின் மேல் நின்றது. அதன் முன்னே வெட்டிவிட்ட புல்வெளி. கீழே, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறைகளில் முழுக் குடும்பங்கள் நெருக்குண்டு வாழ்ந்தன. அந்தப் புல்வெளியை வெட்டியவரும் அந்த லயத்திலிருந்து வந்தவரே.

இங்கே ஒரு சட்டத்தையும் நினைவுகூர வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசுமாய்க் கிடந்த நிலங்களையெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று கொண்டது. கிராமத்து மக்கள் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பொதுவில் வைத்திருந்த நிலம், பயிரிடப்படாத காரணத்தால் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. பயிரிடாத நிலம் ஏழையிடம் இருந்தால் அது தரிசு. துரையின் பங்களா வாசலில் இருந்தால் அது அழகு. இந்த இரட்டை நியாயம் அக்காலத்தோடு மடிந்துவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை. 2009இல் போர் முடிந்த பின், கற்பிட்டியின் 14 தீவுகளை உல்லாசப் பயண வலயமாக்கும் அரசுத் திட்டம் மும்முரம் அடைந்தபோது, பரம்பரையாக வலை உலர்த்திய கரையும் வாடி போட்ட மணலும் ‘பயன்படுத்தப்படாத நிலம்’ எனப்படுமோ என்ற அச்சம் மீனவரிடையே எழுந்தது நியாயமே.

எனினும் புல்வெளி என்றாலே பகை என்று நாம் கூறவரவில்லை. கொழும்புக் காலிமுகத்திடலை எடுத்துக்கொள்வோம். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கிய உலாவீதி அங்கே 1859இல் நிறைவுற்றது. நகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டும் கல்வெட்டொன்று அங்கே உண்டு. அந்தத் திடலிலே தொழிலாளர் மே தினம் கொண்டாடினர். ஏழைச் சிறுவர் பட்டம் விட்டனர். 2022 ஏப்ரல் 9 முதல் அதே இடத்திலே மக்கள் மாதக்கணக்கில் பாசறையிட்டு அமர்ந்து ஆட்சியாளரைக் கேள்வி கேட்டனர். மிதிபட்டுப் புல் தேய்ந்தது. ஆனால் புல்வெளி ஒன்று அடையக்கூடிய மேன்மையை அது அடைந்தது. பலரும் கூடும் புல்வெளி வேறு; வேலிக்குள் ஒருவர் மட்டும் பார்த்து மகிழும் புல்வெளி வேறு.

இனி ஆலங்குடாவுக்கு மீள்வோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, அவர்களது ஊர்களினின்றும் வெளியேற்றினர். தமிழ் பேசும் மக்கள் தமிழ் பேசும் மக்களுக்கே இழைத்த அந்த அநீதியைத் தமிழில் எழுதுவோர் எவரும் மூடி மறைக்கலாகாது. மன்னாரிலிருந்து படகேறியோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஆலங்குடாவிலும் முகாம்கள் எழுந்தன. தென்னந்தோப்புகளிடையே கிடுகுக் குடிசைகள் நிரை நிரையாக நின்றன. இருந்தவர் வந்தவருக்கு இடமும் உணவும் அளித்தனர். நாள் செல்லச் செல்ல நிலத்தினாலும் நீரினாலும் தொழிலினாலும் பிணக்குகளும் தோன்றின. அகதி வாழ்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தக் குடிசைகளின் முன்னாலும் ஒரு பாய் அளவு மணலைக் கூட்டி முற்றம் ஆக்கிய பெண்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. 2009க்குப் பின் ஊர் திரும்பியோரில் பலர் தம் பழைய முற்றங்களைக் காடும் புல்லும் மூடியிருக்கக் கண்டனர். அவர்களுடைய கண்ணுக்கு முற்றத்துப் புல் அழகாகத் தோன்றுமா?

இந்த மணலிலே அரிய பொருள் நீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனத்த உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது பௌதிக விதி. மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறும். மின்பம்பி வைத்து ஓயாமல் இறைத்தால் கிணறு உவர்ப்பது இதனாலேயே. அன்றியும், மணல் எதையும் தடுத்து வைப்பதில்லை. பயிருக்கு இட்ட உரம் நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் அது வரம்பு மீறியதை 1980கள் முதலே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். வறண்ட மாதங்களில் புற்றரைக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று கொள்வோம். நான்கு பேர்ச், அதாவது சுமார் 100 சதுர மீட்டர் நிலத்துக்கு அது 500 லீட்டர் ஆகிறது. ஒரு மனிதனின் அடிப்படைத் தேவைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீட்டர் வரை என்பர். ஐந்து பேர் முதல் பத்துப் பேர் வரை குடித்துச் சமைத்துக் குளிக்கும் நீரை அந்தப் புல் அருந்துகிறது. உமது கிணற்றுநீர் உமது வேலியோடு நின்றுவிடுவதில்லை; அயலவன் வாளியில் ஏறுவதும் அதே வில்லையின் நீரே.

அவ்வாறாயினும் புல் வேண்டுவோர் உண்டு. குழந்தைகள் விழுந்து விளையாட ஓர் இடம் வேண்டும். சோளகக் காற்றிலே பறக்கும் மணலைப் பிடித்து வைக்கவும் வேண்டும். இவை நியாயமான தேவைகளே. அவர்களுக்கு நாம் சொல்வது இது: இந்த மண் ஏற்கெனவே அறிந்த புல்லைத் தேர்ந்தெடுங்கள்.

அகன்ற இலையுடைய அக்சோனோபஸ் புல் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. தென்னை நிழலைத் தாங்கும், ஆனால் ஈரம் குறைந்தால் வாடும். மணிலாப் புல் என்று விற்கப்படும் சொய்சியா, நமது கரை மணலிலும் தானாக வளரும் இனமே. அது மெல்லப் பரவும். பரவியபின் உப்புக்காற்றையும் வறட்சியையும் பொறுக்கும். கிணற்றுநீர் சற்று உவர்த்த இடத்தில் கடலோரப் பஸ்பாலம் நிற்கும். எல்லாவற்றிலும் எளியது அருகு. வெயிலை விரும்பும், நிழலை வெறுக்கும். காய்ந்ததுபோல் கிடந்து, முதல் மழையிலே தளிர்க்கும். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடுமாறு மணமக்களை வாழ்த்துவது நம் மரபு. ஆலைப் பெயரிலே கொண்ட ஊரில் அருகுக்கு இடமில்லாமற் போகலாமா? இந்த அருகையே 1950களில் அமெரிக்காவின் டிஃப்டன் நகரத்து ஆய்வாளர் ஆபிரிக்க இனமொன்றோடு கலந்து, கொல்ஃப் ஆடுவோருக்கான உயர்ந்த புல்லாக ஆக்கினர். வேலியோரத்தில் நாம் செதுக்கி எறிந்த ஏழைப் புல்லின் மரபு அது.

பரப்பும் முறையையும் கூறுவோம். ஐப்பசி மழை தொடங்கும் வேளையே ஏற்றது. வானம் நீர் ஊற்றும்போது கிணற்றை வருத்த வேண்டியதில்லை. களையை வேரோடு அகற்றி, வீட்டிலிருந்து நீர் வெளியே வடியுமாறு மணலை மட்டப்படுத்த வேண்டும். மேலே நான்கு அங்குலத்துக்கு மக்கிய எருவும், உப்புப் போகக் கழுவிய தென்னந்தும்புத் தூளும், கிடைத்தால் சிறிது வண்டலும் கலந்து பரப்பலாம். புற்பாளங்களைச் செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாறி மாறி வரப் பதித்து, இடைவெளியில் மணல் தூவி, பலகையால் அழுத்த வேண்டும். பணம் குறைந்தோர் தண்டுகளைச் சாணிடைவெளியில் நட்டுப் பொறுத்திருந்தாலும் போதும். முதல் இரண்டு வாரம் நாள்தோறும் நீர். பின்னர் வாரம் இருமுறை, விடியலில், ஆழமாக. ஒட்ட வெட்டலாகாது. யூரியாவைத் தொடாதிருப்பது அயலவன் கிணற்றுக்குச் செய்யும் உதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, முற்றம் முழுவதையும் மூடாதீர்கள். குழந்தைக்கு வேண்டிய அளவு புல். எஞ்சியது கூட்டிய மணலாகவே இருக்கட்டும். கரையோரத்திலே அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் பிடுங்காமல் விடுங்கள். நீரும் கூலியும் கேளாமல் அவை கரையைக் காத்து வருகின்றன.

இறுதியாக ஒன்று. புற்பாளம் சுமந்து, முழங்காலில் நின்று, வெயிலிலே அதைப் பதிப்பவர் ஒரு கூலித் தொழிலாளி. வேலை முடிந்து அவர் திரும்பும் வீட்டிலே கிணறு உவர்த்திருந்தால், அவருடைய பிள்ளைக்குக் குடிநீர் விலைக்கு வாங்கப்பட வேண்டியிருந்தால், நாம் பதித்த பசுமை யாருடைய பசுமை? அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரே நீர் வில்லையின் மேல் வாழும் ஆலங்குடா மக்கள், இருந்தவரும் வந்தவரும், உழவரும் மீனவரும் விடுதித் தொழிலாளரும், அந்த நீர் தமது பொதுச் சொத்து என்று ஒருமித்து நிற்பார்களாயின், எந்தப் புல் எங்கே எவ்வளவு வளர வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.