செக்கு இழுத்த கை

காரைக்கால் கடைத்தெருவுல செக்கெண்ணெய் வாங்குறப்போ ஒருத்தரை நினைச்சுக்கோங்க: வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908-ல் தண்டனை பெற்றார். கோவைச் சிறையில மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வெச்சாங்க. அந்தச் செக்கு இன்னைக்கும் சென்னை காந்தி மண்டபத்துல இருக்கு.

கம்பெனி நடத்தியவர்கிட்ட அந்தச் சிறை கேட்டது உடம்பை மட்டும்தான். அங்கே வேலையே தண்டனை.

கைதியைத் திருத்துவதும் சிறையின் வேலைன்னு 1919–20 இந்தியச் சிறைக் குழு சொன்னது. ஆனா கூலி? 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: கடுங்காவல் கைதிக்கும் நியாயமான கூலி வேணும், அதில் ஒரு பங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவங்களுக்குப் போகணும்.

இன்னைக்குக் கோவைச் சிறையில விசைத்தறி ஓடுது. சிறைத்துறை பெட்ரோல் பங்க்ல கைதிகளே பெட்ரோல் போடுறாங்க. நம்ம யூனியன் பிரதேசத்தின் மத்தியச் சிறை காலாப்பட்டுல. அங்கே கைதிகள் விவசாயம் பண்றாங்க.

உள்ளே தொழில் கத்துக்கிட்டாச்சு. வெளியே வந்தா அந்தக் கைக்கு யார் வேலை தருவாங்க? கடை வெச்சிருக்கிற உங்க மாமாகிட்ட இன்னைக்கே கேட்டுப் பாருங்க. அவர் யோசிக்கிற அந்த நிமிஷத்துலதான் மிச்சத் தண்டனை இருக்கு.