துடைக்கப்படாத தூசி



பொருள்களைத் துடைத்துத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்பதே நான் சிறுவர்க்குக் கற்பித்த முதற் பாடம். அதற்கும் ஒரு விலக்கு உண்டென்பதை இம்முதுமையில் ஒரு மோட்டார் வண்டியின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

இத்தாலியில், மாரனெல்லோ என்னும் ஊரில் என்சோ ஃபெராரி நடத்திய தொழிற்சாலையில் பிறந்த வண்டி அது. பெயர், 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர். அதன் இயந்திரத்தில் 12 சிலிண்டர்கள்; ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர். பெயரின் முன் நிற்கும் எண் அதையே குறிக்கும். திறந்த மேற்புறமுள்ள அதன் உடலை, மோதெனா நகரத்து ஸ்காலியெத்தி பட்டறையினர் தகடு தட்டிக் கையாலேயே சமைத்தனர். சக்கர இடைவெளி குறைந்த இவ்வகை வண்டிகள் அறுபதுக்கும் குறைவாகவே செய்யப்பட்டன.

அவற்றுள் 1961-ஆம் ஆண்டு வெளிவந்த ஒன்று, பிரெஞ்சு நடிகர் அலென் தெலோனிடம் சில காலம் இருந்தது. பின்னர் 1971-இல், பிரான்சின் மேற்குப் பகுதியிற் சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்திய பையோன் என்பவர் அதை வாங்கினார். பழைய வண்டிகள் இரும்புக் கடைக்குப் போவதைக் காணப் பொறாதவர் அவர். அவற்றையெல்லாம் திரட்டி ஓர் அருங்காட்சியகம் அமைக்கக் கனவு கண்டார். தொழில் நொடித்தது, வண்டிகளிற் பல விற்கப்பட்டன, எஞ்சியவை தகரக் கொட்டகைகளில் மழைக்கும் செடி கொடிக்கும் இரையாகிக் கிடந்தன.

2014-இல் அவருடைய வழித்தோன்றல்கள் ஏல நிறுவனத்தாரை அழைத்தனர். வந்தவர்கள் ஒரு மூலையில், பழைய சஞ்சிகைக் குவியலின் அடியில் அந்த ஃபெராரியைக் கண்டனர். 2015 பிப்ரவரி 6 அன்று பாரிசில் 59 வண்டிகள் ஏலத்திற்கு வந்தன. ஃபெராரியை மெருகிடாமல், தூசியோடு தூசியாகவே நிறுத்தினர். அது ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று.

தூசிக்கா இவ்வளவு விலை என்று நகைக்கத் தோன்றும். சற்று எண்ணிப் பாருங்கள். வண்டியைச் சுரண்டி, புதுச் சாயம் பூசி, புதுத் தோல் தைத்தால் அழகு மீளும். ஆயின், கொல்லனுடைய சுத்தியலின் தடமும், பட்டறையில் முதன்முதற் பூசிய வண்ணமும், அமர்ந்தவர்களால் தேய்ந்த இருக்கையும் அழிந்துபோகும். அவையே அவ்வண்டியின் சாசனங்கள். துருவைப் பெருகவிடுவதும் பேணுதல் ஆகாது. அது சாசனத்தைச் செல்லுக்குக் கொடுப்பது போன்றது. அரிப்பைத் தடுத்து, எழுத்தை அழிக்காமல் விடுவதே அரிய கலை.

இதைச் சொல்லும்போது என் பிழை ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. தலைமையாசிரியனாக இருந்தபோது, பள்ளியின் முதற் சேர்க்கைப் பதிவேட்டைக் கிழிந்து கறைபட்டதென்று கருதி, அழகிய கையெழுத்திற் படியெடுக்கச் செய்தேன், பழையதை எரித்துவிட்டேன். பெயர்கள் எல்லாம் புதியதில் உள்ளன. எழுதத் தெரியாத தந்தையர் அன்று இட்ட கைந்நாட்டுகள் மட்டும் இல்லை. தம் மகனைப் பள்ளியிற் சேர்க்க வந்த அந்த விரல்களின் தடத்தை எந்தப் பேனா படியெடுக்கும்?

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒன்று தூசி படிந்து கிடக்கலாம். துணியை எடுக்குமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.