ஜான்சி ராணிப் படையும் தோட்டத் தமிழ்ப் பெண்களும்

பெண்கள் படையிற் பணியாற்றிய வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அரசியரிடமே தொடங்கி அரசியரிடமே முடித்துவிடுகின்றனர். 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரும், 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியிற் போரிட்டு மறுவாண்டு மாண்ட ஜான்சி இலட்சுமிபாயும் அவ்வரிசையில் முன்னிற்பவர். குயிலியின் கதையோ மக்கள் வாய்மொழியில் வாழ்வது. அதனை ஆவணச் சான்றோடு ஒப்ப வைத்தல் இயலாது. அரசியர்க்கு வாளேந்தும் உரிமை அரசநிலையால் வந்தது. அவ்வுரிமை எதுவுமின்றி, பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்த தமிழ்ப் பெண்களைப் பற்றியே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் சிங்கப்பூரை அடைந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப்படை ஒன்று வேண்டுமென்று பொதுக் கூட்டத்தில் அறிவித்தார். சென்னையிற் பிறந்து, அங்கேயே மருத்துவம் பயின்று, 1940இல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. பெண்களுக்குப் படைக்கலமும் உணவும் இடமும் ஒதுக்குவதில் யப்பானியர்க்கு விருப்பமில்லை; போஸின் பிடிவாதமே வென்றது.

படையிற் சேர்ந்தோர் தொகையைச் சிலர் ஐந்நூற்றுக்கும் குறைவென்பர். சிலர் ஆயிரத்துக்கு மேலென்பர். தொகை எதுவாயினும், அவருட் பெரும்பாலார் மலாயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர் என்பதில் ஐயமில்லை. இந்தியாவைக் கண்ணாற் காணாமலே அதன் விடுதலைக்குப் பெயர் கொடுத்தவர் அவருட் பலர்.

இப்பெண்கள் நமக்கு அயலாரல்லர். திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய மக்களுள் ஒரு சாரார் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர்; மற்றொரு சாரார் மன்னார்க் கடலைத் தாண்டி நம் மலைகளுக்கு நடந்தனர். ஒரே வீட்டில் அண்ணன் மலாயாவுக்கும் தம்பி கண்டிச் சீமைக்கும் போனதுண்டு. லயத்து வாழ்வும் விடியற்காலைப் பிரட்டும் இரு நாட்டிலும் ஒன்றே. மலாயாவில் 1930களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம் என்பது வழக்கமான கூலி.

அவர்கள் ஏன் சேர்ந்தனர்? நாட்டுப்பற்று ஒன்றே காரணம் என்பர் புகழ்ந்துரைப்போர். பசிக்காகச் சேர்ந்தனர் என்பர் இகழ்ந்துரைப்போர். யப்பானிய ஆட்சியில் தோட்டங்கள் முடங்கின, அரிசி அருகியது, சயாம் பர்மா இரயிற்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தமிழருட் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. அந்நிலையில் முகாமின் சோறும் காவலும் சிறிய பொருளல்ல. ஆயின், பசித்தவருக்கு நாட்டுப்பற்று இராது என்பது வயிறு நிறைந்தவரின் வாதமேயன்றிப் பிறிதன்று. துரைக்கும் கங்காணிக்கும் கைகட்டி நின்ற பெண்ணை, நீ இந்நாட்டுக்குப் படைவீரர் என்று ஒருவர் அழைத்தது அதுவே முதன்முறை.

முகாமில் அவர்கள் காற்சட்டையும் தொப்பியும் அணிந்தனர். சிலர் கூந்தலையும் கத்தரித்தனர். அணிநடை, துப்பாக்கி, துப்பாக்கிமுனை ஈட்டி, இயந்திரத் துப்பாக்கி ஆகியவற்றிற் பயிற்சி நடந்தது. கட்டளைமொழி இந்துஸ்தானி. தாய்மொழியிலேயே எழுத்தறியாதிருந்த பலர், உரோம எழுத்தில் அம்மொழியைக் கற்க வேண்டியதாயிற்று. ஆசிரியத் தொழில் புரிவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்: தோட்டப் பள்ளி தராத எழுத்தைப் படைமுகாம் தந்தது.

1944இல் ஒரு பகுதியினர் பர்மாவுக்குச் சென்றனர். இம்பால் வீழ்ந்ததும் இந்திய மண்ணில் முன்னணியாய் நுழைவது அவர்தம் நோக்கம். அவ்வாண்டு ஏப்ரலில், அப்போர்முனை முழுவதற்கும் மேலான நேசநாட்டுத் தென்கிழக்காசியத் தலைமையகம், மவுண்ட்பேட்டன் பிரபுவின் கீழ், நம் பேராதனைப் பூந்தோட்டத்தில் வந்தமர்ந்தது. அங்கே பிரிட்டிஷ் கடற்படையின் பெண்பிரிவினரும் பணிபுரிந்தனர். தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாக இறங்கும் சாலை சென்று முட்டும் இடத்தில் ஒரு தரப்புப் பெண்கள் அலுவல் பார்க்க, நம் தோட்டத்தார்க்கு உறவுமுறையாகத்தக்க பெண்கள் எதிர்த்தரப்பில் மேமியோவில் அணிவகுத்து நின்றனர். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நம் பாட்டிமார் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இம்பால் வீழவில்லை. ராணிப் படையினர் மேமியோ மருத்துவமனையிற் காயமுற்றோரைப் பேணினர், போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. இதனைக் காட்டி, வெறும் அணிவகுப்புப் படை என்பார் உளர். 1945 ஏப்ரல் 24ஆம் நாள் இரங்கூனை விட்டுப் புறப்பட்ட பின்வாங்கல் இவர்க்கு விடையாகும். விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலிற் பதுங்கி, இரவில் நடந்து, சித்தாங் ஆற்றைக் கடந்து, போஸும் உடன் நடக்க, அவர்கள் பாங்காக்கை நோக்கிச் சென்றனர். இரயிலில் அனுப்பப்பட்ட மற்றொரு குழுவினரைப் பர்மியக் கொரில்லாக்கள் தாக்கியதில் இருவர் மாண்டனர். அவர்தம் பெயர் ஸ்டெல்லா, ஜோசபின்.

படை கலைந்தபின் அதிகாரிகளின் வாழ்வை நாம் நன்கறிவோம். டாக்டர் இலட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் செய்து 2012இல் மறைந்தார். பதினெட்டு வயதிற் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்த கோலாலம்பூர் ஜானகி தேவர் 2000இல் பத்மஸ்ரீ பெற்றார். தோட்டப் பெண்களோ மீண்டும் பால்வெட்டச் சென்றனர். பேட்டி கண்டு எழுதுவோர் வந்து சேர்ந்தபோது அவருட் பலர் உயிரோடில்லை. பிற்காலத்தில் இந்நாட்டுப் போரிலும் இரு தரப்பிலும் பெண்கள் படைக்கலம் ஏந்தினர். அது தனியே விரித்தெழுதற்குரியது.

இலங்கைத் தமிழ்ப் பரம்பரையினரான இராசம்மா என்னும் ராணிப் படையினர், பின்னர் ஆசிரியையாகி, 1960இல் மலாயாவிற் பெண்ணாசிரியர் சங்கத்தை நிறுவி, ஆடவர்க்கு நிகரான ஊதியம் கேட்டுப் போராடினார். நம் தேயிலைத் தோட்டங்களில் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியோடு சமமாக்கப்பட்டது 1984இல்.