லயன் அறையும் இரு நோய்களும்

1867-இல் கண்டிக்கருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட கதையை நாம் படித்திருக்கிறோம். அந்தக் கொழுந்தைக் கொய்தவர்கள் எத்தகைய அறைகளில் இருமிக் கிடந்தார்கள் என்பதைப் படித்தோமில்லை. கடல் கடந்து வந்த நம் உழைப்பாளிகளுக்குக் கிடைத்தது லயன்: ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதனுள் ஒரு குடும்பமும் அடுப்புப் புகையும். சயரோகக் கிருமிக்கு இதைவிட வாய்ப்பான வீட்டை எவர் கட்டித் தரமுடியும்? தோட்டத்தாரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872-இல் சட்டம் வந்தது உண்மைதான். தொழிலாளியின் உயிர் செலவுக் கணக்கில் ஓர் இனம் என்ற நினைப்பு அதனால் மாறிவிடவில்லை.

ஓய்வும் மலைக்காற்றும் பாலும் முட்டையுமே சயரோகத்திற்கு மருந்தென உலகம் நெடுங்காலம் நம்பியது. ஏழை சாகவேண்டியதுதான் என்பதே அதன் பொருள். அந்த நம்பிக்கையைத் தகர்த்தது சென்னை. 1956-இல் அங்கு தொடங்கிய ஆய்வில் நோயாளரில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும், மறு சாராரை அவர்தம் நெரிசலான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. மாத்திரை தவறாது கிடைத்தால் லயனிலிருப்பவரும் பிழைப்பார்!

இக்கணக்கைக் குலைத்தது எச்.ஐ.வி. 1986-இல் சென்னையிலும், 1987-இல் இலங்கையர் ஒருவரிடத்தும் அது கண்டறியப்பட்டது. உடலின் காவலை அது கலைத்துவிட, நெஞ்சில் உறங்கிய பழைய கிருமி விழித்தெழுகிறது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் நிறுவிய தாம்பரம் சானடோரியம் 1993 முதல் இந்நோயாளரையும் ஏற்றது. பிற வாயில்கள் பல அவர்களுக்கு மூடியிருந்த காலம் அது.

இரண்டிற்கும் ஒருசேர வைத்தியம் செய்வது எளிதன்று. முதலில் சயரோக மருந்து. இரண்டு வாரத்திற்குள் மற்றது. மூளையுறையைச் சயரோகம் பற்றியிருந்தால் நான்கு முதல் எட்டு வாரம் பொறுக்கவேண்டும். ரிஃபாம்பிசின் உடலிலுள்ள டோலுடெக்ராவிரை விரைவில் அழித்துவிடுவதால், பின்னதை நாளுக்கு இருமுறை கொடுக்கின்றனர். முன்னது பெரும்பாலும் ஆறு மாதம். பின்னது ஆயுள் முழுதும்.

இலங்கையில் இவ்விரண்டும் சேர்ந்து வாட்டுவோர் சிலரே. ஆயினும் அச்சிலருள் ஒருவர் தோட்டத் தொழிலாளியானால்? கண்டியில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்று, பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் வேறொன்று. இரண்டு வரிசை, இரண்டு நாட் சம்பளமும் போகலாம். லயன் சுவரோ மெல்லியது. "ஏன் அடிக்கடி டவுனுக்குப் போறே?" என்று அடுத்த காம்பிராவிலிருந்து கேட்பார்கள். சயரோகம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழிந்தபின் என்ன சொல்வது?